சுண்ணாம்புக் கணக்கு: கடலற்ற நகரின் பவளத்தொட்டிக்கு ஒரு வேதியியல் முன்வரலாறு

(நீண்ட பதிவு. அறிவியல் வரலாறும் சூழலியல் வரலாறும் பயிலும் மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

ஐதராபாத் நகரம் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. உள்ளே, தக்காணத்துக் கருங்கல் மேட்டில், கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. அந்நகரின் அடுக்ககம் ஒன்றில் ஒருவர் 200 லிட்டர் கொள்ளளவுள்ள பவளத்தொட்டி வைத்திருப்பதாகக் கொள்வோம். அவருடைய அன்றாட வேலைகளுள் முதன்மையானது மீனுக்கு இரையிடுவதன்று. சிறு கண்ணாடிக் குப்பியில் தொட்டிநீரை எடுத்து, நிறங்காட்டி கலந்து, நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணுவதே அது. எண்ணிய சொட்டுகளைக் கொண்டு காரத்தன்மையைக் கணக்கிடுகிறார். குறைந்த அளவுக்கு ஈடான உப்புக் கரைசலைத் தொட்டியில் சேர்க்கிறார். மறுநாள் மீண்டும் அதே வேலை.

இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அந்தக் குப்பிக்குள் இருநூறு ஆண்டுக்கால வேதியியல் அடங்கியிருக்கிறது. நம் மன்னார் வளைகுடாவின் துயரக் கதை ஒன்றும் அதனோடு பிணைந்திருக்கிறது. இரண்டையும் இணைப்பது நாம் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு. அந்தச் சுண்ணாம்பின் கணக்கைப் பின்தொடர்வதே இப்பதிவின் நோக்கம்.

உப்பைக் கரைத்துக் கடல்நீர் செய்யலாம் என்ற எண்ணத்திற்கு முதலில் ஓர் அடிப்படை தேவைப்பட்டது. கடலுக்குக் கடல் உப்பின் சேர்மானம் வேறுபடுமாயின், ‘கடல்நீர்’ என்று எதைச் செய்வது? 1819-இல் அலெக்சாண்டர் மார்செட் என்னும் மருத்துவர் வெவ்வேறு கடல்களிலிருந்து கிடைத்த நீரைப் பகுத்தாய்ந்து, உப்பின் மொத்த அளவு மாறினாலும் அதிலுள்ள கூறுகளின் விகிதம் பெரிதும் மாறுவதில்லை என்று இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். 1865-இல் டென்மார்க்கின் கியோர்க் ஃபோர்ச்ஹாமர் நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் கொண்டு அதை விரிவாக ஆராய்ந்தார். ‘சேலஞ்சர்’ கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிக் கொண்டுவந்த மாதிரிகளில் 77-ஐ கிளாஸ்கோவில் வில்லியம் டிட்மார் பகுத்தாய்ந்து 1884-இல் அறிக்கை வெளியிட்டார். விகித மாறாமை என்னும் கொள்கை அத்துடன் உறுதிப்பட்டது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு செய்தி உண்டு. விகிதம் மாறாது என்று கண்ட அதே வேதியியலாளர்கள், அதற்கொரு சிறு விலக்கையும் கண்டார்கள். அந்த விலக்கு சுண்ணாம்பு. ஆறுகள் கடலுக்குக் கொண்டுசேர்ப்பவற்றுள் கால்சியத்தின் பங்கு பெரிது; கடலில் கரைந்திருப்பவற்றுள் அதன் பங்கோ சிறிது. சிப்பியும் பவளமும் நுண்ணுயிர்களும் அதனை ஓடாகவும் கூடாகவும் மாற்றி நீரிலிருந்து நீக்கிவிடுகின்றன. ஒரு தனிமம் கடல்நீரில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை, ஆறு அதனை எவ்வளவு கொணர்கிறது என்பதைக் காட்டிலும், கடல் அதனை எவ்வளவு எளிதில் வெளியேற்றுகிறது என்பதே தீர்மானிக்கிறது என்றார் ஃபோர்ச்ஹாமர். டிட்மாரும் மேற்பரப்பு நீரைவிட ஆழ்நீரில் கால்சியம் மிகச் சிறிதளவு கூடுதலாக இருப்பதைக் குறித்தார். கடல்நீரில் உயிர்களின் கைபடும் கூறு எது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டுத் தொட்டியின் வரலாறு இந்த விலக்கை மறந்தபடியே தொடங்கிற்று. 1850-களில் இங்கிலாந்தில் கண்ணாடித் தொட்டியில் கடலுயிர் வளர்க்கும் ஆர்வம் பெருகியது. கடலோரத்திலிருந்து நீர் சுமந்து வருவது கடினமாதலால், இயற்கையியலாளர் ஃபிலிப் ஹென்றி காஸ் 1854-இல் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறை வகுத்தார். சோற்றுப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கே அதன் பொருள்கள். பகுப்பாய்வில் கண்ட சுண்ணாம்பு உப்புகளை அவர் விட்டுவிட்டார். ஒன்று எளிதில் கரையாது; மற்றொன்றின் அளவு மிகச் சிறிது; தேவையானால் சிப்பி ஓட்டுத் துண்டும் பவளத் துண்டும் போட்டுவைத்தால் போதும் என்பது அவர் எண்ணம். கடற்சாமந்திகளும் சிறு மீன்களும் அந்நீரில் பிழைத்தன. கல்லெழுப்பும் உயிர்களை வளர்ப்பதாயின் அந்தச் செய்முறை போதாது. சிறிது என்று தள்ளப்பட்டதே பவளத்தின் உடற்கூறு.

இனி அந்தக் கணக்கைப் பார்ப்போம். இயல்பான கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 410 முதல் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. பவளம் தன் கூட்டை எழுப்பும்போது கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்துக் கால்சியம் கார்பனேட்டாகப் படியவைக்கிறது. காரத்தன்மை ஒரு பாகை குறைந்தால், அதற்கு இணையாக லிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியம் குறைந்திருக்கும். 420-இல் 7 குறைவதை வீட்டுச் சோதனைப் பெட்டியால் நம்பத்தக்க வகையில் காண இயலாது. அதன் பிழையே அவ்வளவு இருக்கும். காரத்தன்மையோ இயல்பான கடல்நீரில் மொத்தமே ஏறத்தாழ 7 பாகைதான். அதில் ஒன்று குறைந்தால் ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. குப்பியிலே சொட்டு எண்ணிக்கை மாறிவிடும். பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில் உண்கிறது. ஆனால் ஒன்றின் கையிருப்பு பெரிது, மற்றதன் கையிருப்பு சிறிது. வளர்ப்போர் கால்சியத்தை வாரம் ஒருமுறையும் காரத்தன்மையை நாள்தோறும் பார்ப்பது இதனாலேயே.

ஆகவே அந்தச் சொட்டுகள் நீரின் தன்மையைக் காட்டுவதோடு நில்லாமல், நேற்றிலிருந்து இன்றுவரை பவளம் எவ்வளவு கட்டியது என்பதையும் காட்டுகின்றன. 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு பாகை குறைகிறதென்றால், அன்று ஏறத்தாழ மூன்றரை கிராம் சுண்ணாம்புக்கல் புதிதாகத் தோன்றியிருக்கிறது. ஓர் ஆண்டில் அது 1.3 கிலோகிராம்.

‘பாகை’ என்னும் அலகுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது கடலியலில் பிறந்ததன்று. கொதிகலனில் கல்படிதலும், சவர்க்காரம் நுரைக்காமையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில்நகரங்களை அலைக்கழித்த சிக்கல்கள். 1841-இல் அபர்தீனின் தாமஸ் கிளார்க் சவர்க்காரக் கரைசலைக் கொண்டு நீரின் கடினத்தன்மையை அளக்கும் முறையையும், சுண்ணாம்பு சேர்த்து நீரை மென்மையாக்கும் முறையையும் முன்வைத்தார். ஜெர்மானியர் ஒரு லிட்டரில் 10 மில்லிகிராம் சுட்ட சுண்ணாம்புக்கு ஈடான கடினத்தன்மையை ஒரு பாகை என்றனர். பவளத்தொட்டிக் கலை ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் செழித்தமையால், அந்தக் கொதிகலன் அலகே உலகெங்கும் தொட்டிகளுக்கு வந்து சேர்ந்தது. கால்சியச் சோதனைக்கு அடிப்படையான ஈ.டி.டி.ஏ. தரம்பார்த்தலும், சூரிச்சில் கெரோல்ட் ஷ்வார்சன்பாக் 1940-களில் உருவாக்கிய பின், நீரின் கடினத்தன்மை அளக்கும் பொதுமுறையாகப் பரவியதே. பவளம் வளர்ப்போர் கையாளும் கருவிகள் பலவும் நல்ல தண்ணீரின் சிக்கல்களுக்காகப் பிறந்தவை.

ஐதராபாத்தில் இருந்துகொண்டு இதைச் சிந்திப்போர்க்கு அருகிலேயே ஓர் இணைச்சான்று உண்டு. நகரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள நல்கொண்டா மாவட்டத்தில், நிலத்தடிநீரின் மிகை ஃபுளோரைடு மக்களின் பல்லையும் எலும்பையும் சிதைத்தது. 1955-இல் ஏ. எச். சித்திகி இந்நோய் பற்றிய ஆய்வைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1970-களில் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த நீர்ச்சுத்திகரிப்பு முறைக்கு ‘நல்கொண்டா முறை’ என்றே பெயர். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைத்தால் ஃபுளோரைடின் பெரும்பகுதி வண்டலோடு இறங்கிவிடும். வீட்டு வாளியிலும் செய்யலாம், ஊர்த்தொட்டியிலும் செய்யலாம். இங்கும் முதலில் அளக்கவேண்டியது காரத்தன்மையே. படிகாரம் நீரின் காரத்தன்மையை உண்ணும். காரத்தன்மை போதாவிடில் நீர் புளித்துவிடும். சுண்ணாம்பு அதை ஈடுசெய்யும். அளந்து இடுதல் என்னும் இல்லத்து வேதியியல் இந்நிலத்துக்குப் புதிதன்று. அங்கே அது எலும்பைக் காக்க. தொட்டியில் அது எலும்பை ஒத்த கல்லை வளர்க்க.

இனித் தொட்டியின் இருவேறு மரபுகளைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்று கடலோர மரபு. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியோடு தொடர்புடைய சென்னை மெரீனா மீன்காட்சியகம் 1909-இல் திறக்கப்பட்டது. இந்தியாவின் தொடக்ககாலக் கடலுயிர்க் காட்சியகங்களுள் அது ஒன்று. ஜகார்த்தாவின் லீ சின் எங் உயிருள்ள பாறைகளையும் காற்றுக்குமிழிகளையும் மட்டுமே கொண்டு பவளம் வளர்த்த முறையை 1961-இல் எழுதினார். கடல் அருகில் இருக்கும் இடத்தில் நீரை மாற்றினால் போதும். உண்டதைக் கடலே ஈடுசெய்துவிடும். அளவையின் தேவை அங்கே எழவில்லை.

மற்றது உள்நாட்டு மரபு. பெர்லின் போன்ற, கடலுக்குத் தொலைவான நகரங்களில் புதுநீர் என்பது விலைகொடுத்து வாங்கிய உப்பு. அங்கேதான் உண்டது எவ்வளவு, இடவேண்டியது எவ்வளவு என்ற கேள்வி கூர்மை பெற்றது. 1973-இல் வெளிவந்த தம் ஜெர்மன் நூலில் பீட்டர் வில்கன்ஸ் சுண்ணாம்புத் தெளிநீரைத் தொட்டியில் சொட்டவிடும் முறையைப் பரப்பினார். ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக இத்தெளிநீரை மெல்லச் சேர்த்தால், அது நீரிலுள்ள கரியமில வாயுவோடு கூடிக் கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் மாறும். பவளத்துக்கு வேண்டிய இரண்டும் ஒரே விகிதத்தில் கிடைக்கும். ஆனால் தெளிநீரின் பி.எச். 12-க்கும் மேல். விரைந்து ஊற்றினால் தொட்டிநீரின் பி.எச். தாறுமாறாக ஏறி, கால்சியம் கார்பனேட் வெண்புகைபோல் படிந்து வீணாகும். எனவேதான் சொட்டு.

1994-இல் ஹான்ஸ்-வெர்னர் பாலிங் வேறொரு வழி சொன்னார். கால்சியம் குளோரைடு ஒரு கரைசல்; சமையல் சோடா இன்னொரு கரைசல். மேலே சொன்ன 200 லிட்டர் தொட்டியில் ஒரு பாகையை மீட்க ஏறத்தாழ 6 கிராம் சமையல் சோடாவும் அதற்கு இணையாக 5 கிராமுக்குச் சற்று மேல் நீரேறிய கால்சியம் குளோரைடும் போதும். பவளம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது சோடியமும் குளோரைடும். அதாவது 4 கிராம் சோற்றுப்பு. நாள்தோறும் இது சேர்ந்துகொண்டே போனால் நீரின் உப்புச் சேர்மானம் கோணலாகிவிடும். பாலிங்கின் நுட்பம் இதற்கான மருந்தில் இருக்கிறது: சோற்றுப்பு மட்டும் நீக்கிய கடலுப்பை மூன்றாவது கரைசலாகச் சேர்த்தால், எஞ்சிய சோற்றுப்போடு அது கூடி முழுமையான கடலுப்பாகிவிடும். மார்செட்டும் டிட்மாரும் நிறுவிய விகித மாறாமையை ஒரு வீட்டுத் தொட்டி நாள்தோறும் கைக்கணக்கால் காப்பாற்றும் வழி இது.

ஐதராபாத்தின் தொட்டி இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தது. 1908-இன் மூசி வெள்ளத்துக்குப் பின் எழுந்த உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீரானாலும், மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி நீரானாலும், கருங்கல்லைத் துளைத்து எடுத்த ஆழ்குழாய் நீரானாலும், அதிலுள்ள அனைத்தையும் முதலில் சவ்வு வடிகட்டியால் நீக்கி வெறும் நீராக்கவேண்டும். பின்னர்தான் கடல் தொடங்குகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். சுண்ணாம்பைப் பவளமாக்கும் இக்கலை ஐரோப்பிய நகரங்களில் முதிர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், மன்னார் வளைகுடாவில் பவளம் சுண்ணாம்பாகிக்கொண்டிருந்தது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தீவுகளைச் சூழ்ந்த முருகைக்கல் பாறைகள் கடப்பாறையால் பெயர்க்கப்பட்டு, வத்தைகளில் கரைசேர்ந்து, காளவாய்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றன. 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் இந்தியக் கடல் உயிரியல் சங்கம் பவளங்கள் குறித்து நடத்திய கருத்தரங்கு, உலக அளவில் இத்துறையின் முன்னோடிக் கூட்டங்களுள் ஒன்று. அறிஞர்கள் கூடிய அந்தக் கரையில்தான் கல்லெடுப்பும் நடந்துகொண்டிருந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் பின்னாளில் நீரில் மூழ்கிப்போயின; அவற்றைச் சூழ்ந்த பாறைகளை அகழ்ந்ததே அதற்குப் பெருங்காரணமாகக் கூறப்படுகிறது. எஞ்சிய 21 தீவுகளை உள்ளடக்கி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது.

காளவாயின் வேதியியலும் தொட்டியின் வேதியியலும் ஒரே பாதையின் இரு திசைகள். காளவாயில் கல் வெந்து கரியமில வாயு பிரிகிறது. சுட்ட சுண்ணாம்பு நீரில் நீற்றுப்போகிறது. தொட்டியில் அந்த நீற்றிய சுண்ணாம்பே தெளிநீராகி, கரியமில வாயுவை மீண்டும் பற்றிக்கொண்டு, பவளத்தின் உடலில் கல்லாகிறது. பாதை ஒன்றாயினும் வேகம் ஒன்றன்று. பல தலைமுறைகள் எழுப்பிய பாறை ஒரு சூளையில் ஓரிரு நாளில் வெந்துபோகும். தொட்டியிலே ஓராண்டுக் கவனத்துக்குக் கிடைப்பது ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ. அந்தக் கணக்கை நாள்தோறும் கையால் எழுதியவர்க்குத் தீவு இரண்டு மறைந்ததன் பொருள் வேறு விதமாகப் புலப்படும் என்று நான் கருதுகிறேன்.

சட்டம் காலந்தாழ்ந்து வந்தது. 1972-இன் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. அகழ்வு அதன் பின்னரே படிப்படியாக ஓய்ந்தது. நம் கடலில் எடுத்த கல்பவளத்தை வீட்டுத்தொட்டியில் வைத்திருப்பதும் இச்சட்டத்தின்படி குற்றம். வெளிநாட்டுக் கல்பவளங்களும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. தொட்டியின் வேதியியலைப் போற்றுவோர் அதில் வாழும் உயிர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் அதே துல்லியத்தோடு கேட்கவேண்டும். சொட்டுக்கணக்குச் சரியாக இருப்பது மூலத்தைத் தூய்மையாக்கிவிடாது.

இக்கலையிலிருந்து அறிவியல் பெற்றுக்கொண்டதும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில், ‘பயோஸ்பியர் 2’ என்னும் கண்ணாடி மாளிகைக்குள் ஒரு செயற்கைக் கடல் உண்டு. கிறிஸ் லாங்டனும் உடனாய்வாளர்களும் அதில் கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்த்து நீரின் கார்பனேட் செறிவை மாற்றிப் பார்த்தனர். செறிவு குறையக் குறையப் பவளச் சமூகத்தின் கட்டுமானம் குறைந்தது என்பது 2000-இல் வெளிவந்த அவர்களின் முடிவு. வளிமண்டலக் கரியமில வாயு பெருகிக் கடல்நீரின் பி.எச். தொழிற்புரட்சிக்கு முன்னிருந்த 8.2-இலிருந்து 8.1 அளவுக்கு இறங்கிவரும் காலத்தில் இம்முடிவின் பொருள் பெரிது. 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ரெபெக்கா ஆல்பிரைட், கென் கால்டெய்ரா குழுவினர் ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் இயற்கையான பவளத் திட்டின்மீது காரம் கலந்த நீரைப் பாயவிட்டனர். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையை ஒத்த வேதியியல் சிறிதுநேரம் திரும்பியபோது, பவளத்திட்டின் கட்டுமானம் ஏறத்தாழ 7 விழுக்காடு உயர்ந்தது. தொட்டியில் செய்வதைக் கடலில் செய்துபார்த்த சோதனை அது. வேதியியல் பலித்தது. ஆயினும் ஒரு சிறு திட்டில், ஓர் ஆய்வுக்குழு சில நாள் செய்தது அது. அதைக் கடற்கரை முழுமைக்கும் விரித்தல் எவ்வகையிலும் எளிதன்று.

இங்குதான் ஐதராபாத்தின் மற்றொரு முகம் தெரிகிறது. கடலற்ற இந்நகரின் பிரகதி நகர்ப் பகுதியில் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கிறது. 1999-இல் நிறுவப்பட்ட அம்மையம், செயற்கைக்கோள் அளக்கும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையைக் கொண்டு, மன்னார் வளைகுடா முதல் இலட்சத்தீவு, அந்தமான்வரை பவளம் வெளிறும் ஆபத்தை முன்னறிவிக்கிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் பவளப்பாறைகள் வெப்பத்தால் வெளிறின. ஒரே நகரில் இருவகை அளவைகள் நிகழ்கின்றன. ஒருவர் 200 லிட்டர் நீரை அளக்கிறார், குறைந்ததை இடுகிறார். ஒரு நிறுவனம் ஒரு பெருங்கடலை அளக்கிறது. எச்சரிக்க மட்டுமே அதனால் இயலும். அளக்கவும் இடவும் ஒருசேர முடிவது கண்ணாடிக்குள் அடங்கிய நீரில் மட்டுமே.

அறிவியல் வரலாற்று மாணவர்களுக்கு இதிலிருந்து ஓர் ஆய்வுக்கேள்வி எழுகிறது. அளவை பெருகினால் பராமரிப்பும் பெருகும் என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். பவளத்தின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கடல்நீரில் சுண்ணாம்பின் கணக்கை ஃபோர்ச்ஹாமர் 1865-இலேயே ஓரளவு அறிந்திருந்தார். மண்டபத்தில் கருத்தரங்கு 1969-இல் கூடியது. கல்பவளம் சட்டத்துக்குள் வந்தது 2001-இல். அறிவுக்கும் பொறுப்புக்கும் இடையிலான இந்த நீண்ட இடைவெளியில் யார் யார் நின்றார்கள், காளவாய்க்குக் கல் சுமந்தவரின் கூலியும் அதில் அடங்குமா என்பனவற்றையெல்லாம் எழுதவேண்டியிருக்கிறது. வேதியியலைத் தள்ளிவைத்துவிட்டு அவ்வரலாற்றை எழுத முடியாது. வேதியியலை மட்டும் வைத்துக்கொண்டும் முடியாது.

தொட்டி வைத்திருப்போர் தம் குறிப்பேடுகளைத் தூக்கியெறியாதிருக்க வேண்டுகிறேன். நாள், காரத்தன்மை, இட்ட அளவு என்று மூன்றே பத்திகள் கொண்ட அந்தச் சிறு ஏடு, ஓர் உயிர் எவ்வளவு மெதுவாகக் கல்லெழுப்புகிறது என்பதற்குச் சான்று. முருகைக்கல்லை வண்டிக்கணக்கில் அளந்த ஒரு நூற்றாண்டுக்குப் பின், அதனைக் கிராமில் எண்ணுவோரும் நம்மிடையே தோன்றியிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையின் அருமை கடற்கரைக்கும் போய்ச்சேர வேண்டும்.